ஒரே ஜெர்சி, ரெண்டு ரூல் புக்

செகண்ட் இயர்ல ஒரு நாள் ராத்திரி மெஸ்ஸில் தோசைக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, போனில் ஒரு விளம்பரம் வந்தது. விளையாட்டில் திறமை இருந்தால் அமெரிக்காவில் ஃப்ரீயாகப் படிக்கலாம் என்று போட்டிருந்தார்கள். நான் 400 மீட்டர் ஓடுகிறவன். சோனல் மீட்டில் ஒரு வெண்கலம் வாங்கியிருக்கிறேன். நமக்கென்ன குறைச்சல் என்று ஃபார்மை நிரப்பி அனுப்பிவிட்டேன்.

மறுநாளே ஒருத்தர் கூப்பிட்டார். முதலில் ஒரு பதிவுக் கட்டணம், ஸ்காலர்ஷிப் கிடைத்ததும் அதில் ஒரு சதவீதம் என்றார். அப்பாவிடம் பணம் கேட்பதற்கு முன்னால் ஒரு வாரம் உட்கார்ந்து ரூல்ஸ் எல்லாம் தேடிப் படித்தேன். ரெண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, ஸ்காலர்ஷிப்பில் சதவீதம் கேட்பதே விதிமீறல். அப்படி ஒருவருக்குப் பணம் கொடுத்தால் ஆடும் தகுதி நமக்குத்தான் போகும். இன்னொன்று அதைவிட வலித்தது. அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

அன்று ஆரம்பித்த படிப்பு இன்னும் முடியவில்லை. நான் போகவில்லை, ஆனால் போகிறவர்களுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று இப்போது ஓரளவு தெரியும். ஜூனியர்ஸ், முக்கியமா வீட்டில் பிளஸ் ஒன் படிக்கிற தம்பி தங்கச்சி இருக்கிறவங்க, இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பெயரிலேயே ஒரு கதை

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பு என்சிஏஏ. சுமார் 1,100 கல்லூரிகள், 5 லட்சத்துக்கும் அதிகமான வீரர்கள். இதில் மூன்று பிரிவுகள். பெரிய பட்ஜெட், டிவி வெளிச்சம் எல்லாம் டிவிஷன் 1. டிவிஷன் 2-ல் ஸ்காலர்ஷிப் உண்டு, ஆனால் அளவாக. டிவிஷன் 3-ல் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் கிடையாது.

இங்கே ஆடுகிறவர்களை 'ஸ்டூடண்ட்-அத்லெட்' என்றுதான் சொல்வார்கள். பல்கலைக்கழகத்தின் கடிதம், கோச்சின் பேச்சு, டிவி கமெண்ட்ரி, எல்லாவற்றிலும் அதே வார்த்தை. இது தானாக வந்த பெயர் இல்லை. 1955-ல் கொலராடோவில் ரே டெனிசன் என்ற கல்லூரி ஃபுட்பால் வீரர் ஆட்டத்தில் அடிபட்டு இறந்தார். வேலையில் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குத் தரும் இழப்பீட்டை அவருடைய மனைவி கேட்டார். 1957-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தக் காலத்தில்தான், வீரர்களை ஊழியர்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இந்த வார்த்தையை உருவாக்கினோம் என்று, என்சிஏஏ-வின் அன்றைய தலைமை நிர்வாகி வால்டர் பையர்ஸே பிறகு எழுதியிருக்கிறார்.

அமெரிக்க வீரர்களுக்கு அந்த வார்த்தையின் பிடி இப்போது தளர்ந்துவிட்டது. வெளிநாட்டு வீரருக்குத் தளரவில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அவ்வளவுதான். மீதியெல்லாம் அதற்கான விளக்கம்.

உள்ளே போக என்ன வேண்டும்

முதலில் உங்கள் விளையாட்டு அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். கிரிக்கெட், கபடி, பேட்மின்டன் மூன்றும் என்சிஏஏ-வில் இல்லை. ஹாக்கி பெண்களுக்கு மட்டும். செஸ்ஸுக்கு டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டல்லாஸ் வளாகம் போன்ற சில இடங்களில் ஸ்காலர்ஷிப் உண்டு, ஆனால் அது என்சிஏஏ-வுக்கு வெளியே. ஸ்குவாஷும் தனி அமைப்பு. நம்ம வேலவன் செந்தில்குமார் படித்த கொலம்பியா 'ஐவி லீக்' பல்கலைக்கழகம்; அந்த எட்டுப் பல்கலைக்கழகங்களும் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் தருவதில்லை, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. நம்மவர்களுக்கு நிஜமான வாய்ப்பு தடகளம், டென்னிஸ், நீச்சல், கோல்ஃப் பக்கம்தான். டிவிஷன் 1 டென்னிஸில் பாதிக்கு மேல் வெளிநாட்டவர்கள்.

அடுத்து மார்க். டிவிஷன் 1-க்கு 9-ஆம் வகுப்பிலிருந்து 16 முக்கியப் பாடங்கள் கணக்கு. அதில் ஜிபிஏ 2.3-க்குக் குறையக் கூடாது. என்சிஏஏ எஸ்ஏடி மதிப்பெண் கேட்பதை 2023-ல் நிறுத்திவிட்டது. பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கலாம். இதுவரை வாங்கிய பரிசுத் தொகைக்கும் கணக்குக் கேட்பார்கள்.

இப்போ அந்த வலித்த விஷயம். டிவிஷன் 1-ல் ஐந்து வருடத்துக்குள் நான்கு சீசன் ஆடலாம் என்பது நான் படித்தபோது இருந்த விதி. அந்த ஐந்து வருடக் கடிகாரம், நீங்கள் உலகத்தில் எந்தக் கல்லூரியிலாவது முழுநேர மாணவராகச் சேரும் நாளிலேயே ஓட ஆரம்பித்துவிடும். அமெரிக்கக் கல்லூரியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நான் பி.இ. சேர்ந்து, ஃபர்ஸ்ட் இயர் ஓரியண்டேஷனில் தூங்கி வழிந்துகொண்டிருந்தபோதே என் கடிகாரம் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. எங்கள் பி.டி. சாருக்கும் தெரியாது.

பி.இ. முடிச்சிட்டு எம்.எஸ். போய் அங்கே ஓடலாம் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தேன். நான்கு வருடம் இங்கேயே போய்விடும். மிச்சம் ஒரு வருடம். யுனிவர்சிட்டி டீமுக்காக ஓடிய சீசன்களும் கழியலாம். ஒரு வருடத்துக்காக எந்த கோச் ஸ்காலர்ஷிப்பைத் தூக்கிக் கொடுப்பார்? ப்ளஸ் டூ முடித்து ஒரு வருடம் சும்மா இருந்தாலும் சிக்கல் உண்டு. அந்த ஒரு வருடம் (டென்னிஸுக்கு ஆறு மாதம்) சலுகை. அதற்கு மேல் போட்டிகளில் ஆடிக்கொண்டே தாமதித்தால் சீசன்கள் குறையும். ஆக, முடிவு எடுக்க வேண்டிய காலம் பிளஸ் ஒன். அந்த வயதில் நம் ஊரில் ஸ்பைக்ஸைப் பூட்டி வைத்துவிட்டு டியூஷனுக்கு அனுப்புவார்கள்.

'ஃபுல் ஸ்காலர்ஷிப்' என்றால் எவ்வளவு?

பெரும்பாலும் ஃபுல் இல்லை. 2025 வரை டிவிஷன் 1 ஆண்கள் டென்னிஸ் டீமுக்கு மொத்தமே 4.5 ஸ்காலர்ஷிப்தான். அதை எட்டு, பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒருத்தருக்கு 80 சதவீதம், இன்னொருத்தருக்கு 25. ஆண்கள் தடகளத்தில் 12.6 ஸ்காலர்ஷிப், அதில் ஓட்டம், தாண்டுதல், எறிதல் எல்லாரும் பங்கு. 2025-26 முதல் பல பெரிய பல்கலைக்கழகங்களில் இந்த உச்சவரம்பு போய், டீமில் இத்தனை பேர்தான் என்ற வரம்பு வந்திருக்கிறது. அதற்குள் எல்லாருக்கும் ஃபுல்லாகக் கொடுக்கலாம், கொடுத்தே ஆகணும்னு கட்டாயம் இல்லை.

இதில் ஒரு வரிக் கணக்கும் உண்டு. ஸ்காலர்ஷிப்பில் ஃபீஸுக்கும் புத்தகத்துக்கும் போகும் பங்குக்கு வரி இல்லை. தங்கும் இடம், சாப்பாட்டுக்கான பங்குக்கு வரி உண்டு. மாணவர் விசாவில் இருப்பவர்களிடம் பொதுவாக 14 சதவீதம் பிடிப்பார்கள். உதாரணமாக, அந்தப் பங்கு 15,000 டாலர் என்றால் 2,100 டாலர். கையில் காசாக வராத பணத்துக்கு வரி! இந்திய மாணவர்களுக்கு மட்டும் இங்கே ஒரு நல்ல செய்தி. இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவுப்படி, அமெரிக்கர்களைப் போல நாமும் நிலையான கழிவைக் கோரலாம். அதனால் வருட முடிவில் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் பிடித்த பணம் திரும்ப வர வாய்ப்பு அதிகம். தாக்கல் செய்யாமல் விட்டால் போச்சு.

ஒரு வாரம் எப்படிப் போகும்

நீங்கள் ஒரு 400 மீட்டர் ஓட்டக்காரர், கான்சஸ் மாநிலத்தில் சேர்ந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி. வெளியே பனி. காலை 6 மணிக்கு வெயிட் ரூம். 8 மணிக்கு முழங்காலில் ஐஸ். 9 முதல் 1 வரை கிளாஸ். 2 மணிக்குப் பயிற்சி, அதுவும் இன்டோர் டிராக்கில். அங்கே ஒரு சுற்று 200 மீட்டர்தான், வளைவுகள் சாய்ந்திருக்கும். நாம் பழகிய ஒரு சுற்று 400 அங்கே ரெண்டு சுற்று. ராத்திரி 7 மணிக்கு, முதல் வருட மாணவர்களுக்கு மேற்பார்வையில் உட்கார்ந்து படிக்கும் நேரம். மார்ச்சில் இன்டோர் சீசன் முடியும், உடனே அவுட்டோர் சீசன் ஜூன் வரை.

விதிப்படி சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 மணி நேரம்தான் பயிற்சி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் போட்டி நடக்கும் நாள், அது எவ்வளவு நேரம் இழுத்தாலும் 3 மணி நேரம் என்றே கணக்கு. பஸ் பயணமும் பிசியோவிடம் போகும் நேரமும் கணக்கில் வராது. என்சிஏஏ-வே எடுத்த சர்வேயில் டிவிஷன் 1 வீரர்கள் வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் விளையாட்டுக்குப் போகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். நம்ம ஊரில் ஓ.டி. லெட்டருக்கு ஹெச்ஓடி ரூம் வாசலில் நிற்போமே, அந்த வேலையைப் பார்க்க அங்கே தனி ஆலோசகர்கள் இருக்கிறார்கள். தேர்வை வெளியூரில் எழுத ஏற்பாடு செய்வார்கள். ஆனால் தேர்வை நீங்கள்தான் எழுதணும்.

சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. 2014 முதல் டிவிஷன் 1 வீரர்களுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பாடு தரலாம் என்று விதி மாறிவிட்டது. ரசம் கிடைக்காது, அது வேறு விஷயம். ராத்திரி 10 மணிக்கு அம்மாவுக்குப் போன் செய்தால் இங்கே மறுநாள் காலை. அவர் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பார். டிசம்பரில் பல ஹாஸ்டல்களை மூடிவிடுவார்கள். டீம்மேட் எல்லாரும் காரில் ஏறி வீட்டுக்குப் போவார்கள். நீங்கள் யார் வீட்டுக்குப் போவது என்பதை நவம்பரிலேயே யோசிக்கணும்.

ரெண்டாவது ரூல் புக்

இதுவரை சொன்னது முதல் ரூல் புக். அது டீமில் எல்லாருக்கும் பொது. வெளிநாட்டு மாணவரின் பையில் இன்னொன்று இருக்கும். அதன் பெயர் எஃப்-1 விசா. இந்த விசா உங்களை ஒரே ஒரு வார்த்தையால் அடையாளம் காண்கிறது: மாணவர். ஓட்டக்காரர் என்ற பெயர் அதில் கிடையாது.

எஃப்-1-ல் இருக்கும் இளநிலை மாணவர் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் படிக்கணும். ஆன்லைன் வகுப்பில் ஒன்றை மட்டும்தான் அந்தக் கணக்கில் சேர்க்கலாம். சீசன் நெருக்கடியில் அமெரிக்க டீம்மேட் மூன்று பாடத்தை ஆன்லைனில் எடுத்துக்கொண்டு பஸ்ஸிலேயே படித்து முடிப்பார். உங்களால் முடியாது. கணிதப் பாடம் ஒன்று கைமீறிப் போகிறது, விட்டுவிடலாம் என்று பார்த்தால் 11 கிரெடிட் ஆகிவிடும். முன்கூட்டியே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் அனுமதி வாங்காமல் விட்டால், ஆடும் தகுதி மட்டும் இல்லை, நாட்டில் தங்கும் தகுதியே போகும்.

அடிபட்டால்? 2024 ஆகஸ்ட் முதல் டிவிஷன் 1 பல்கலைக்கழகங்கள் காயத்துக்காகவோ ஆட்டம் சரியில்லை என்பதற்காகவோ ஸ்காலர்ஷிப்பைப் பிடுங்கக் கூடாது. விளையாட்டில் பட்ட காயத்துக்கு, படிப்பு முடிந்த பிறகும் ரெண்டு வருடம் மருத்துவச் செலவைப் பார்க்கணும். இது நிஜமாகவே நல்ல மாற்றம். ஆனால் டீம்மேட்டுக்கு முட்டி போனால் ஒரு செமஸ்டர் லீவ் போட்டு அம்மா வீட்டில் படுத்துக்கொள்ளலாம். நீங்கள் மருத்துவச் சான்றிதழோடு, அனுமதி வாங்கி, கிரெடிட்டைக் குறைக்கலாம். லீவ் போட்டால் கிளம்பணும்.

அடுத்து பணம். 2021 ஜூலை 1 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். ஷூ விளம்பரம், இன்ஸ்டா போஸ்ட், கடைத் திறப்பு விழா எல்லாம் ஓகே. எஃப்-1 மாணவருக்கு அனுமதியில்லாமல் கேம்பஸுக்கு வெளியே வேலை செய்யக் கூடாது. அமெரிக்காவில் நின்றுகொண்டு ஒரு விளம்பரத்தில் நடித்தால் அது வேலையா இல்லையா? வேலை என்று ஒரு அதிகாரி முடிவு செய்தால் விசா போய்விடும். அதனால் பெரும்பாலான வெளிநாட்டு வீரர்கள் ஒதுங்கியே இருக்கிறார்கள்.

இதன் அபத்தம் கூடைப்பந்தில் பளிச்சென்று தெரிந்தது. 2022-ல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் ஆஸ்கர் ஷீப்வே, காங்கோவிலிருந்து வந்து கென்டக்கிக்கு ஆடியவர். 2023, 2024 ரெண்டு வருடமும் சாக் ஈடி, கனடாக்காரர், பர்டியூவுக்கு ஆடியவர். மூன்று வருடம் தொடர்ந்து நாட்டின் நம்பர் ஒன் வீரரே மாணவர் விசாவில் இருந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அமெரிக்கப் பையன் உள்ளூர் கார் ஷோரூமுக்கு விளம்பரம் செய்யலாம், நம்பர் ஒன் செய்யக் கூடாது. 2022-ல் டீம் பஹாமாஸ் தீவுக்கு ஆடப் போனபோது, அமெரிக்க மண்ணுக்கு வெளியே இருக்கும் அந்தச் சில நாளில்தான் ஷீப்வே விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டார்.

2025 ஜூனில் ஒரு பெரிய வழக்குச் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. அதன்படி பல்கலைக்கழகங்களே தங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் வருட உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். முதல் ரூல் புக் இவ்வளவு மாறிவிட்டது. ரெண்டாவது ரூல் புக்கில் வீரர்களுக்காக எதுவும் மாறவில்லை.

சென்னையில் ஒரு மீட், யூஜீனில் ஒரு மீட்

மூன்றாவதாக ஒரு எஜமானரும் உண்டு: சொந்த நாட்டு சம்மேளனம். தேஜஸ்வின் சங்கர் டெல்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பையன். 2017-ல் கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அது இருக்கும் ஊரின் பெயர் மன்ஹாட்டன். நியூயார்க் இல்லை, கான்சஸில் ஒரு சின்ன ஊர். 2018-ல் உயரம் தாண்டுதலில் 2.29 மீட்டர், தேசிய சாதனை. அதே வருடம் என்சிஏஏ சாம்பியன். 2022-ல் 2.27 தாண்டி மறுபடியும் சாம்பியன்.

அந்த 2022 ஜூனில்தான் பிரச்சினை. ஓரிகன் மாநிலம் யூஜீனில் என்சிஏஏ போட்டி நடந்த அதே வாரம், சென்னையில் மாநிலங்களுக்கு இடையிலான தேசியப் போட்டி. காமன்வெல்த் விளையாட்டுக்கான தேர்வு அதில்தான். ஸ்காலர்ஷிப் கொடுத்த பல்கலைக்கழகத்துக்கு ஆடுவதா, சென்னைக்கு வருவதா? அவர் யூஜீனில் தாண்டினார். அதற்கு அனுமதி வாங்கவில்லை என்று சொல்லி இந்திய தடகள சம்மேளனம் அவரை அணியில் சேர்க்கவில்லை. அவர் டெல்லி உயர் நீதிமன்றம் போனார். இழுத்துப் பறித்து, கடைசி நேரத்தில் பர்மிங்ஹாம் போய், 2.22 தாண்டி வெண்கலம் வாங்கினார். காமன்வெல்த் உயரம் தாண்டுதலில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம். பதக்கம் வந்ததால் கதை நமக்குத் தெரியும். வராத கதைகள் எத்தனையோ.

அப்புறம் ஏன் போகிறார்கள்?

ஏனென்றால் அங்கே படிப்பையும் விளையாட்டையும் ஒரே டைம்டேபிளில் வைக்கிறார்கள். இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு ஆடி, 1995-ல் லெபனான்காரர் அலி ஹமாதேவோடு என்சிஏஏ இரட்டையர் பட்டம் வென்றார். ரெண்டே வருடத்தில், 1997 பிரெஞ்ச் ஓபன் கலப்பு இரட்டையரில் கிராண்ட் ஸ்லாம் பட்டம் வென்ற முதல் இந்தியர் ஆனார். சென்னையில் பயிற்சி பெற்ற சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 ரெண்டு வருடமும் ஒற்றையர் சாம்பியன். அடுத்த ஜனவரியில் நுங்கம்பாக்கத்தில், வைல்டு கார்டு வாங்கி வந்து சென்னை ஓபன் ஃபைனல் வரை போனார். கல்லூரி முடித்த பிறகும் விளையாட முடியும் என்பதற்கு இவர்கள் சாட்சி.

விளையாட்டு கைவிட்டாலும் டிகிரி கையில் இருக்கும். படித்த துறையில் 12 மாதம் வேலை பார்க்க அனுமதி உண்டு. இன்ஜினியரிங் மாதிரி பாடம் என்றால் இன்னும் 24 மாதம். இங்கே எங்கள் டீமில், செகண்ட் இயரில் அரியர் விழுந்ததும் வீட்டில் ஷூவை ஒளித்து வைத்துவிட்டதால் நின்றுபோனவர்கள் மூன்று பேர். அவர்களை நினைத்தால் அந்த டைம்டேபிள் மேல் பொறாமையாகத்தான் இருக்கிறது.

போகப் போகிறவர் கேட்க வேண்டியவை

1. கடிகாரம்: என்சிஏஏ தகுதி மையத்தில் பதிவு செய்வது பத்தாவது முடிந்ததுமே நடக்கட்டும். விதிகள் அடிக்கடி மாறும். நான் எழுதியதை நம்பி முடிவு எடுக்காமல், அந்த வருட விதியைப் பாருங்கள்.

2. கோச்சுக்கு நீங்களே மெயில் அனுப்புங்கள். உங்கள் நேரம் அல்லது தூரம், ஒரு வீடியோ, மார்க்‌ஷீட் போதும். சதவீதம் கேட்கும் ஏஜென்டை அங்கேயே கட் பண்ணுங்கள்.

3. ஸ்காலர்ஷிப் எத்தனை சதவீதம், எத்தனை வருடம் என்று எழுத்தில் வாங்குங்கள். 60 சதவீதம் என்றால் மீதி 40 சதவீதம் வருடத்துக்கு எத்தனை லட்சம் என்று அப்பா அம்மாவோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

4. இந்த கோச் வேறு இடம் போய்விட்டால் என் நிலைமை என்ன என்று கேளுங்கள். சங்கடமான கேள்விதான். கேளுங்கள்.

5. போய் இறங்கியதும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் யார் உங்களுக்குப் பொறுப்பு என்று கண்டுபிடியுங்கள். பாடத்தை விடுவது, பல்கலைக்கழகம் மாறுவது, ஒரு டி-ஷர்ட் விளம்பரத்துக்கு போஸ் கொடுப்பது, எதுவானாலும் முதலில் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். உங்கள் கோச்சுக்கு முதல் ரூல் புக்தான் தெரியும்.

போன மாதம் என் சித்தி பொண்ணு போன் செய்தாள். பிளஸ் ஒன் படிக்கிறாள், நீளம் தாண்டுதலில் மாவட்ட அளவில் முதலிடம். "அண்ணா, அமெரிக்கா எல்லாம் காலேஜ் முடிச்சிட்டுப் பார்த்துக்கலாம்ல?" என்று கேட்டாள். இல்லடா, இன்னைக்கே உட்காரு என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். அவளுடைய கடிகாரம் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை.